சிலுவைப்போரும் ஒரு வங்கிக்காரனின் பற்று வரவும்

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. காலாண்டுக் கணக்கு முடிப்பு, அதைத் தொடர்ந்து ஆடிட் என்று... வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் மன்னிக்கவும் :-)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாக்பூரில் விடாத மழை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அவள் வகுப்புத் தோழர்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டு ஹாலில் சார்ட் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரலாற்றுப் பாடத்துக்கு ப்ராஜெக்ட். தலைப்பு: சிலுவைப்போர்கள். ஒருவன் மராட்டிப் பையன். ஒருவன் கோவாவைப் பூர்விகமாகக் கொண்ட கிறிஸ்தவப் பையன். இன்னொருத்தி எங்கள் கட்டடத்திலேயே மேல் மாடியில் இருக்கும் முஸ்லிம் பெண். நால்வரும் மூன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதம்.

சார்ட்டின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள் வென்றது, அந்தப் பக்கம் முஸ்லிம்கள் வென்றது. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. கோவாப் பையன் சிரித்துக்கொண்டே, "1099ல நாங்க. 1187ல நீங்க. ஒன்-ஆல்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஸ்கெட்ச் பேனாவை மூடி வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் "அம்மா கூப்பிடுறாங்க" என்று மேலே போய்விட்டாள்.

இந்த "நீங்க"ளின் கனம் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஊர் ஊராக மாற்றலில் போய்க்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் யாராவது சிரித்த முகத்தோடு "தும் மதராஸி லோக்" என்று ஆரம்பிப்பார்கள். திட்டு இல்லை, சண்டை இல்லை. ஆனால் நான் அதுவரை உட்கார்ந்திருந்த மேஜையில் ஒரு கோடு விழுந்துவிடும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது இந்த அனுபவம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் மகள் வந்து கேட்டாள். "அப்பா, இந்த ப்ராஜெக்டை வேற மாதிரி எப்படிப் பண்றது?"

நான் பி.காம். வரலாறு என் பாடம் இல்லை. ஆனால் சிலுவைப்போர் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். காரணம் பக்தி இல்லை, தொழில்தான். அந்தப் போர்களில் கடன், டெபாசிட், தவணை, மீட்புத் தொகை என்று எங்கள் ஆள் படுகிற பாடு எல்லாம் இருக்கிறது. அவளுக்குச் சொன்னேன்: "மதத்தை வைத்துக் கோடு போடாதே. கொடுத்த வாக்கை வைத்துப் போடு. யார் யாருக்கு என்ன வாக்கு கொடுத்தார்கள், காப்பாற்றினார்களா, அதனால் யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள் என்று நாலு கணக்கு எழுது."

அந்த நாலு கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி

1071ல் மான்சிகெர்ட் என்ற இடத்தில் பைசாந்தியப் பேரரசை செல்ஜுக் துருக்கியர்கள் தோற்கடித்தார்கள். இன்றைய துருக்கியின் பெரும்பகுதி மெல்ல மெல்ல அவர்கள் கைக்குப் போனது. கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த பேரரசர் அலெக்ஸியஸ் மேற்கு ஐரோப்பாவிடம் படை உதவி கேட்டார். அவர் எதிர்பார்த்தது கூலிப்படை. 1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மான்ட் நகரில் போப் இரண்டாம் அர்பன் அழைப்பு விடுத்தபோது கிளம்பியதோ பெரிய மக்கள் வெள்ளம். ஜெருசலேமை மீட்கப் போகிறவர்களுக்குப் பாவங்களுக்கான தண்டனையிலிருந்து விடுதலை என்றது திருச்சபை.

போகிற வழியிலேயே, 1096ல், ரைன் நதிக்கரை ஊர்களில் இருந்த யூதர்களைச் சில கூட்டங்கள் வெட்டிக் கொன்றன. 1099 ஜூலை 15 அன்று ஜெருசலேம் விழுந்தது. அப்போது நகரம் இருந்தது எகிப்தின் ஃபாத்திமிய ஆட்சியில். உள்ளே இருந்த முஸ்லிம்களும் யூதர்களும் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். பின்னால் எழுதிய அரபு வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் 70,000 பேர் என்கிறார். இன்றைய ஆய்வாளர்கள் சில ஆயிரம் என்கிறார்கள். எண் குறைந்தாலும் நடந்தது படுகொலைதான்.

எல்லோரும் சாகவில்லை. உயிர் பிழைத்துக் கைதிகளானவர்களை மீட்க, அஸ்கலான் ஊர் யூதப் பெரியவர்கள் எகிப்தில் இருந்த தங்கள் ஆட்களிடம் பணம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். ஆட்களை மட்டும் அல்ல, கொள்ளை போன வேதப் புத்தகங்களையும் காசு கொடுத்து மீட்டார்கள். அதற்காகக் கடன்பட்டார்கள். கெய்ரோவில் ஒரு யூத வழிபாட்டு இடத்தின் பழைய காகிதக் குவியலில் கிடந்த அந்தக் கடிதத்தை இருபதாம் நூற்றாண்டில் கோய்ட்டைன் என்ற அறிஞர் வெளியிட்டார். புனிதப் போரின் மறுநாளே யாரோ கணக்கு நோட்டைத் திறந்துவிட்டார்கள் என்று தெரிகிறது இல்லையா?

கணக்கு 1: ஜெருசலேம், 1187

88 வருடம் கழித்து நிலைமை தலைகீழ். 1187 ஜூலை 4 அன்று ஹத்தீன் என்ற இடத்தில் சலாவுத்தீன் (ஆங்கிலப் புத்தகங்களில் சலாடின்) சிலுவைப் படையை அழித்தார். செப்டம்பரில் ஜெருசலேமை முற்றுகையிட்டார். 1099க்குப் பழி தீர்ப்பேன், வாளால்தான் எடுப்பேன் என்பது அவருடைய முதல் பேச்சு.

உள்ளே நகரைக் காத்தவர் பாலியன் என்ற பிரபு. அவர் அங்கே வந்ததே ஒரு கதை. மனைவி மக்களை அழைத்துப் போக ஒரே ஒரு இரவு மட்டும் அனுமதி கேட்டு, சலாவுத்தீனிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தவர். நகரத்து மக்கள் போகவிடவில்லை. அவர் சலாவுத்தீனுக்கே ஆள் அனுப்பி, சத்தியத்திலிருந்து என்னை விடுவியுங்கள் என்று கேட்டார். அவரும் விடுவித்தார்! அதோடு பாலியனின் குடும்பம் பத்திரமாக வெளியேறத் துணைக்கு ஆள் கொடுத்தார்.

கடைசியில் பாலியன் சொன்னார்: தாக்கினால் எங்களிடம் இருக்கும் முஸ்லிம் கைதிகளைக் கொல்வோம், மசூதிகளை இடிப்போம், பிறகு சாவோம். பேச்சுவார்த்தை நடந்தது. மீட்புத் தொகை தீர்மானமானது. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5. குழந்தைக்கு 1 என்கிறார்கள் சிலர், 2 என்கிறார்கள் சிலர். 40 நாள் கெடு. காசில்லாத ஏழைகளில் சுமார் 7,000 பேருக்கு மொத்தமாக 30,000 தினார். இந்தப் பணத்துக்கு இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி ஏற்கெனவே அனுப்பிச் சேர்த்து வைத்திருந்த நிதி உதவியது.

அக்டோபர் 2 அன்று நகரம் கைமாறியது. படுகொலை இல்லை. தலைமைப் பாதிரியார் தன் செல்வத்தை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, தனக்கான 10 தினாரை மட்டும் கட்டிவிட்டுக் கிளம்பினார். பறிமுதல் செய்யுங்கள் என்று சலாவுத்தீனின் ஆட்களே சொன்னார்கள். ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்று அவர் விட்டுவிட்டார். அவருடைய தம்பி அல் ஆதில் 1,000 ஏழைகளைக் கேட்டு வாங்கி அங்கேயே விடுதலை செய்தார். வயதானவர்களை சலாவுத்தீனே இலவசமாகப் போகச் சொன்னார்.

இவ்வளவு செய்த பிறகும் சுமார் 15,000 பேரால் பணம் கட்ட முடியவில்லை. அவர்கள் அடிமைகளாகப் போனார்கள். இதே சலாவுத்தீன்தான் ஹத்தீன் போருக்குப் பிறகு கைதான டெம்ப்ளர், ஹாஸ்பிடலர் வீரர்களை (இவர்கள் ஆயுதம் ஏந்திய துறவிகள்) வரிசையாக வெட்டச் சொன்னவர். அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன்.

கணக்கு 2: அக்கோ, 1191

அக்கோ என்பது இன்றைய இஸ்ரேலின் வடக்கே இருக்கும் துறைமுகம். ஆங்கிலத்தில் 'ஏக்கர்' என்று இருக்கும். என் மகள் முதலில் ஏதோ நிலத் தகராறு என்று நினைத்துவிட்டாள் :-)

ஜெருசலேமை மறுபடி பிடிக்க வந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட். 1191 ஜூலை 12 அன்று அக்கோ அவர்களிடம் சரணடைந்தது. உள்ளே இருந்த முஸ்லிம் வீரர்களை விடுவிக்க விலை: 2,00,000 தினார், சுமார் 1,500 கிறிஸ்தவக் கைதிகள், ஹத்தீனில் பறிபோன புனிதச் சிலுவை. தவணையாகக் கொடுக்க ஒப்பந்தம்.

தவணை என்றாலே தகராறுதானே. முதல் தவணை தயாரானதும் சலாவுத்தீன் சொன்னார்: இதை வாங்கிக்கொண்டு என் ஆட்களை விடுங்கள், மீதிக்குப் பிணையாள் தருகிறேன். அல்லது இதை வாங்கிக்கொண்டு உங்கள் பக்கமிருந்து எனக்குப் பிணையாள் கொடுங்கள். ரிச்சர்ட் தரப்பு இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வார்த்தையை நம்புங்கள் என்றது. அந்த வார்த்தையில் இவருக்கு நம்பிக்கை இல்லை. இவர் இழுத்தடிக்கிறார் என்பது அவருடைய எண்ணம். நாட்கள் ஓடின.

ஆகஸ்ட் 20. ரிச்சர்ட் சுமார் 2,700 கைதிகளைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து, சலாவுத்தீனின் படை பார்க்கும்படி வெட்டச் சொன்னார். பதிலுக்கு இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் கைதிகளும் கொல்லப்பட்டார்கள். பணமும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை, சிலுவையும் வரவில்லை. எங்கள் பாஷையில் முழுத் தொகையும் வாராக்கடன். இரண்டு பக்கமும்.

கணக்கு இதோடு முடியவில்லை. 1192 செப்டம்பரில் இதே ரிச்சர்டும் இதே சலாவுத்தீனும் மூன்று வருடத்துக்குச் சற்று மேற்பட்ட போர்நிறுத்தம் செய்துகொண்டார்கள். கிறிஸ்தவ யாத்ரீகர்கள் ஜெருசலேம் போய்வரலாம் என்றும் ஒத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பும் வழியில் ரிச்சர்டைப் பிடித்து அடைத்தது யார் தெரியுமா? சலாவுத்தீன் இல்லை. ஆஸ்திரியாவின் கிறிஸ்தவப் பிரபு லியோபோல்ட். மீட்புத் தொகை 1,50,000 மார்க் வெள்ளி. அதைச் சேர்க்க இங்கிலாந்து மக்களின் வருமானத்தில் கால் பங்கு வரியாகப் பிடுங்கப்பட்டது. சலாவுத்தீன் 1193 மார்ச்சில் இறந்தபோது அவருடைய கஜானாவில் இருந்தது ஒரு பொற்காசும் 47 வெள்ளிக்காசுகளும்தான் என்று அவருடன் இருந்த பஹாவுத்தீன் எழுதி வைத்திருக்கிறார்.

கணக்கு 3: வெனிஸ், 1201 முதல் 1204 வரை

இது கடன் பிரிவில் வேலை பார்க்கிற எல்லோரும் படிக்க வேண்டிய கதை. நான்காம் சிலுவைப்போருக்குக் கப்பல் வேண்டும். 1201ல் பிரெஞ்சுப் பிரபுக்களின் தூதர்கள் வெனிஸ் போனார்கள். 33,500 பேர், 4,500 குதிரைகள். ஏற்றிப் போகக் கட்டணம் 85,000 மார்க். கிட்டத்தட்ட 20 டன் வெள்ளி. வெனிஸ் தன் வியாபாரத்தை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு ஒரு வருடம் கப்பல் கட்டியது.

1202ல் வந்து சேர்ந்தவர்கள் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குதான். தலைவர்கள் தங்கத்தட்டு, வெள்ளிப் பாத்திரம் எல்லாம் கொடுத்தும் 34,000 மார்க் பாக்கி. ஆள் எண்ணிக்கையை யாரோ உத்தேசமாகப் போட்டதன் விளைவு. இப்படிப்பட்ட உத்தேச ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை நான் மாதாமாதம் பார்க்கிறேன்!

வெனிஸின் தலைவர் டண்டோலோ, பார்வை போன முதியவர். அவர் ஒரு வழி சொன்னார். ஏட்ரியாட்டிக் கரையில் ஸாரா என்ற ஊர் எங்களுக்கு அடங்க மறுக்கிறது. அதைப் பிடித்துக் கொடுங்கள், பாக்கியைப் பிறகு பார்க்கலாம். ஸாரா கத்தோலிக்க ஊர். போப் மூன்றாம் இன்னசென்ட் வேண்டாம் என்று தடுத்தும் 1202 நவம்பரில் அதைத் தாக்கிப் பிடித்தார்கள்.

அடுத்து, பதவி இழந்த பைசாந்திய இளவரசன் ஒருவன் வந்தான். எங்களை அரியணையில் உட்கார வையுங்கள், 2,00,000 மார்க் தருகிறேன் என்றான். பழைய கடனை அடைக்கப் புதிய வாக்குறுதி. உட்கார வைத்தார்கள். அவனால் பாதிதான் கட்ட முடிந்தது. உள்ளூரில் அவனையே கொன்றுவிட்டார்கள். 1204 ஏப்ரலில் சிலுவைப் படை கான்ஸ்டான்டிநோபிளை, அன்றைய கிறிஸ்தவ உலகத்தின் மிகப் பெரிய நகரத்தை, மூன்று நாள் சூறையாடியது. அங்கிருந்து போன வெண்கலக் குதிரைகள் இன்றும் வெனிஸின் புனித மாற்கு ஆலயத்தில் இருக்கின்றன. முஸ்லிம்கள்கூட இதைவிட இரக்கம் காட்டுவார்கள் என்று அந்த நகரத்துக்காரர் நிகெட்டாஸ் கோனியேட்டஸ் எழுதினார். 2001ல் ஏதென்ஸ் போனபோது போப் இரண்டாம் ஜான் பால் இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

படையின் பெரும்பகுதி ஜெருசலேமைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நடுவில் ஒரு சின்னக் குறிப்பு: 1229

ஜெருசலேமை ஒரு தடவை சண்டையே இல்லாமல் வாங்கிய கதையும் இருக்கிறது. பேரரசர் இரண்டாம் ஃப்ரெடரிக்கும் எகிப்து சுல்தான் அல் காமிலும் தூதர்களை விட்டுப் பேசிப் பேசி, 1229 பிப்ரவரியில் பத்து வருடத்துக்குச் சற்று மேல் அமைதி ஒப்பந்தம் போட்டார்கள். நகரம் கிறிஸ்தவர்களுக்கு. அல் அக்ஸா மசூதியும் பாறைக் குவிமாடமும் உள்ள வளாகம் முஸ்லிம்களுக்கு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பரிசு என்ன? ஃப்ரெடரிக் ஏற்கெனவே போப்பால் விலக்கி வைக்கப்பட்டவர். ஜெருசலேமின் தலைமைப் பாதிரியார் அவரைக் கண்டித்தார். டமாஸ்கஸ் மசூதியில் சுல்தானைக் கண்டித்துப் பிரசங்கம் நடந்தது. சமரசம் செய்தவனுக்கு இரண்டு பக்கமும் அடி. அன்றும் அப்படித்தான்.

கணக்கு 4: எகிப்து, 1250

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி எகிப்தில் தோற்று, 1250 ஏப்ரலில் படையோடு கைதானார். கேட்ட தொகை 5,00,000 லிவ்ர். தன் படைக்காக அதைக் கொடுக்கிறேன், தனக்கு ஈடாக டமியெட்டா நகரத்தைத் தருகிறேன் என்றார். பேரமே பேசவில்லை. ஆச்சரியப்பட்ட சுல்தான் 1,00,000 லிவ்ர் தள்ளுபடி செய்தார். நம்மூரில் யாராவது நம்புவார்களா?

இடையில் அந்த சுல்தானை அவருடைய படைத் தளபதிகளே கொன்றார்கள். ஆனாலும் புதியவர்கள் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். டமியெட்டாவில் விட்டு வந்த நோயாளிகளை அவர்கள் காப்பாற்றவில்லை, கொன்றார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பாதித் தொகையைக் கட்டிவிட்டு லூயி கிளம்பலாம். எண்ணிப் பார்த்தால் 30,000 லிவ்ர் குறைகிறது. அரசரின் தம்பி அங்கே பிணையாக இருக்கிறார்.

டெம்ப்ளர்களின் கப்பலில் பணம் இருந்தது. அந்தக் கால வங்கி அவர்கள்தான். கேட்டபோது அவர்களுடைய அதிகாரி மறுத்தார். இது டெபாசிட் பணம், போட்டவர்களைத் தவிர வேறு யாருக்கும் தர மாட்டோம் என்று சத்தியம் செய்திருக்கிறோம் என்றார். (எழுந்து நின்று சல்யூட் அடிக்கத் தோன்றுகிறது!) உடனிருந்த இன்னொரு அதிகாரி வழி சொன்னார். நாங்களாகக் கொடுத்தால் சத்தியம் போகும், நீங்களாகப் பிடுங்கிக்கொண்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்? உடனே ழுவான்வில் என்ற பிரபு ஒரு கோடரியை எடுத்து, இதுதான் அரசரின் சாவி என்றார். சாவி வந்துவிட்டது. இதை அந்த ழுவான்வில்லே முதுமையில் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அவர் சொல்லும் இன்னொரு சம்பவம்தான் முக்கியம். பணம் எடை போட்டுக் கொடுத்து முடிந்தபோது, அரசரின் ஆள் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: எடையில் எதிரியை 10,000 லிவ்ர் ஏமாற்றிவிட்டோம். அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. கொடுக்கிறேன் என்று சொன்னதை முழுவதும் கொடுக்காமல் நான் இங்கிருந்து கிளம்ப மாட்டேன் என்றார். எதிரி வேறு மதம், தன்னைச் சிறைவைத்தவன். இருந்தும் வாக்கு வாக்குதான்.

பிறகு என்ன ஆச்சு?

மறுநாள் மகளே மேல் மாடிக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூட்டி வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நடுக்கோடு போட்ட பழைய சார்ட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நாலு கணக்கையும் கட்டம் கட்டி எழுதினார்கள். மூன்றாம் கணக்கை வாசித்த கோவாப் பையன், "இதுல எல்லாருமே நாங்கதானா?" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை முடியும் நேரத்தில் அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "அங்கிள், அந்த 15,000 பேர் எந்தக் கட்டத்துல வருவாங்க? வாக்கைக் காப்பாத்தினாங்க, சரி. காசு இல்லாதவங்களுக்கு யாரும் வாக்கே கொடுக்கலையே?"

என்னிடம் பதில் இல்லை. பற்று வரவு எழுதத் தெரிந்தவனுக்கு வருகிற குறை அது. கணக்கு வைத்திருப்பவன்தான் லெட்ஜரில் வருவான். ஜெருசலேமில் 10 தினார் இருந்தவனுக்குத்தான் ஒப்பந்தம். அரசருக்குத்தான் தள்ளுபடி. அஸ்கலான் பெரியவர்கள் மாதிரி யாரோ முன்பின் தெரியாதவனுக்காகக் கடன் வாங்கினால்தான் உண்டு.

கடைசியில் சார்ட்டின் அடியில் இன்னொரு கட்டம் போட்டார்கள். "கணக்கில் வராதவர்கள்" என்று தலைப்பு. 1096ல் ரைன் கரை யூதர்கள், 1099ல் ஜெருசலேம் மக்கள், 1187ல் அடிமையாய்ப் போனவர்கள், 1191ல் இரு பக்கத்துக் கைதிகள், 1204ல் கான்ஸ்டான்டிநோபிள்காரர்கள், 1250ல் டமியெட்டா நோயாளிகள். அந்தப் பெண் சொல்லச் சொல்ல, எழுதியது கோவாப் பையன்தான்.

ஹிந்தியில் 'ஹம்' என்ற ஒரே வார்த்தைதான். நம் தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இந்த வித்தியாசத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே பெரிய வேலை. எதற்காகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கே அன்றுதான் புரிந்தது.

ப்ராஜெக்டுக்கு டீச்சர் 20க்கு 17 போட்டார்களாம். கையெழுத்துக்கு மூன்று குறைத்துவிட்டார்கள். நல்லவேளை, வெள்ளி மார்க் இல்லை :-)

மீண்டும் சந்திப்போம்.